அண்ணனின் பொக்லைனைச் செய்தது யார்?

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எழுத உட்காரும்போதெல்லாம் அண்ணனில் தொடங்கி அவருடைய பொக்லைனில் போய் நிற்கிறேன். அவருடைய வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அயப்பாக்கத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்போது வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் நெல் வயல் தெரியும். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அப்பா காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் டிராக்டரில் ஏறினார். என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்து, கொரட்டூரில் கட்டிக்கொடுத்தார்.

நிலங்கள் மனைகளான பிறகு டிராக்டருக்கு உழவு இல்லை. கொஞ்ச காலம் செங்கல் ஏற்றினார், தண்ணீர்த் தொட்டி இழுத்தார். பிறகு ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ஒப்பந்தக்காரரிடமிருந்து, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கி வந்தார். மண் தோண்டும் நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் பக்கெட், கையை இயக்க நாலைந்து லீவர்கள், பின்பக்கம் பார்த்து உட்கார ஓர் இருக்கை, அவ்வளவுதான். எந்தக் கம்பெனி என்று அதில் எங்கும் எழுதி நான் பார்த்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பெரிய பொக்லைன் நுழைய முடியாத சந்துகளில் அண்ணனுடையது நுழைந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே வீடு கட்டினாலும் தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் குழி எடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். "இந்த ஏரியால பாதி ஊட்டுக்கு அடில நான் பூந்து வந்துகீறேன் பாப்பா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பக்கெட் தரையில் படாமல் யாரையும் குழிக்குள் இறங்க விடமாட்டார். காரணம், அந்தக் கையைத் தூக்கி நிறுத்தினால் நிற்காது. டீ குடித்து முடிப்பதற்குள் மெதுவாகத் தாழ்ந்துவிடும். "இவரு பெரியவரு நைனா. கைய தூக்கி வச்சா நோவும், எறக்கிடுவாரு. பக்கெட்டு மண்ணுல ஒக்காரட்டும், அப்பால நீ எறங்கு" என்பார். அவரோடு வேலை செய்த எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள்.

என் மகன் நவீன் பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது மாமாவோடு போக ஆரம்பித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிட்டாயா, ஓரமாக நில் என்று போன் செய்துகொண்டே இருப்பேன். அவன் எடுக்க மாட்டான். அண்ணன் எடுத்து, "உன் புள்ளய நான் முழுங்கிட மாட்டேன் பாப்பா, போன வை" என்பார்.

அன்றைக்கு ஐயப்பன்தாங்கலில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிக் குழி. முந்தின நாள் பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. அண்ணன் ஒரு பக்கெட் சேற்றை அள்ளி மேலே தூக்கியபோது, குழியின் ஓரத்தில் நின்றிருந்த கொத்தனார் கரையோடு சரிந்து உள்ளே விழுந்தார். கால் சேற்றில் புதைந்துகொண்டது. நவீன் ஒன்றும் யோசிக்காமல் குதித்துவிட்டான். நிறைந்த பக்கெட் அவர்கள் இருவரின் தலைக்கு நேர் மேலே இருந்தது. "டேய், மேல வாடா" என்று அண்ணன் கத்தினார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

கொத்தனாரை இழுத்துக்கொண்டு நவீன் மேலே வந்து பார்த்தபோது, அண்ணன் இருக்கையிலேயே சாய்ந்திருந்தார். அவருடைய கைகள் மடியில் கிடந்தன. மாரடைப்பு, வலி தெரிவதற்குள் போயிருப்பார் என்று மருத்துவர் சொன்னார். லீவரைப் பிடிக்க ஆள் இல்லாமல் அவ்வளவு நேரம் அந்தப் பக்கெட் அந்தரத்தில் நின்றிருக்கிறது. அண்ணனைக் கீழே இறக்கிய பிறகுதான் அது மெல்லத் தாழ்ந்து மண்ணைத் தொட்டது என்கிறார் கொத்தனார். அது இறங்கவே இல்லை, மறுநாள் நான்தான் இறக்கினேன் என்கிறான் நவீன். இருவரும் அங்கே இருந்தவர்கள். யாரை நம்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நவீன், "மாமா மிஷின நான் ஓட்டறேம்மா" என்றான். அண்ணி தலையாட்டிவிட்டார். தினமும் இறங்குகிற கை அன்றைக்கு மட்டும் ஏன் நின்றது? அது தெரியாமல் அவனை அந்த இருக்கையில் எப்படி உட்கார விடுவேன்? தெரிந்த பிறகு ஏறு என்றேன். "செஞ்சவங்கள கேட்டா தெரிஞ்சிடும்மா" என்றான். அப்படித்தான் அதைச் செய்தவரைத் தேடக் கிளம்பினோம்.

முதலில், வேறு ஓட்டுநரை வைத்து டிராக்டரோடு அதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறை உரிமையாளர் பொக்லைனின் கையைத் தட்டிப் பார்த்தார். "இது வடக்க செஞ்சது. இவ்ளோ தடிமனா இரும்பு நம்மாளு போட மாட்டான்" என்றார். சிலிண்டருக்கு அடியில் இருந்த ஒரு சின்ன இரும்புக் கட்டியைக் காட்டி, "இத பாத்தீங்களா, லாக்கு. ஆயில் பைப் அறுந்தாகூட கை எறங்காது" என்றார்.

"அப்புறம் ஏன் தினமும் இறங்கியது?"

"பழசாயிருக்கும்மா."

"பழசானது அன்றைக்கு மட்டும் எப்படி நின்றது?"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அத செஞ்சவனத்தாம்மா கேக்கணும்."

பூந்தமல்லியில் உதிரி பாகக் கடைக்காரர் கையின் மூட்டில் செருகியிருந்த இரும்புப் பின்னைப் பார்த்ததும், "வடக்கயா? எவன் சொன்னான்? இது கோயம்புத்தூர் சரக்கு" என்று அடித்துச் சொன்னார். லாக்கு என்று ஒன்றும் கிடையாது, அந்தக் கட்டி வெறும் பைப் இணைப்பு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன் போற நேரத்துல லீவர மேல இழுத்து புடிச்சிருப்பாரும்மா. அதான் நின்னுகீது" என்றார். அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலி தெரியாமல் போனார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தே பிடித்துக்கொண்டிருந்தாரா? நவீன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்லம்மா, நான் பாத்தேன். லீவர் நடுவுலதான் இருந்துச்சு" என்றான். அது ஆறுதலா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர், அம்பத்தூரிலேயே மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையில் செய்தது என்றார். அதன் பெயர் அவருக்கு நினைவில்லை.

போன மாதம் நவீன் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்றான். அண்ணன் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முன்னால் தன் கையாலேயே மஞ்சள் பெயின்ட் அடிப்பார். மஞ்சளுக்கு அடியில் மஞ்சள், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் சாம்பல். கை தொடங்கும் இடத்தில் மக்குப் பசை வைத்து அடைத்த நான்கு ஓட்டைகள் தெரிந்தன. "அம்மா, இங்க பேர்ப் பலகை இருந்திருக்கு!" என்று கத்தினான். சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தார்.

"இன்னாடா, அந்தத் தகடா? அது பித்தளை ஆச்சே."

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாம? வருஷா வருஷம் அவரு தொடைப்பாரு, நான் குங்குமம் வெப்பேன்."

"இத்தனை மாதமாக ஊர் ஊராக அலைகிறோமே, சொல்லக் கூடாதா?"

"பட்டறக்காரன் எல்லாரையும் கேட்டீங்க. என்னை யாரு கேட்டீங்க?"

"அது இப்போ எங்கே?"

அண்ணி தெருக்கோடிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே எங்கள் ஊர் அம்மன் கோயில் இருக்கிறது. "மணில கீது" என்றார்.

கோயிலின் பழைய மணி விரிசல் விட்டு, புதிதாக வார்க்க முடிவு செய்தபோது, வீட்டுக்கு ஏதாவது ஒரு பித்தளையோ வெண்கலமோ கொடுக்க வேண்டும் என்று ஊரில் பேசி, வாசல் வாசலாக வந்து வாங்கினார்கள். எங்கள் வீட்டில் இருந்தது அண்ணி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கு ஒன்றுதான். அண்ணி அதை எடுத்து வந்திருக்கிறார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஸ்பேனரோடு பொக்லைனிடம் போயிருக்கிறார். "நமக்கு சோறு போடறது இதான். அம்மனுக்கு இதோட பேரே போவட்டும்" என்று சொல்லித் தகட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

"அதில் என்ன எழுதியிருந்தது அண்ணி?"

"இங்கிலீஷ்ல இன்னாவோ. எழுத்துல பூரா குங்குமந்தான் பூந்துகினு இருந்துது."

நவீன் சிரிக்க ஆரம்பித்தான். "மணிய உருக்கிட்டு கேக்கலாமா அத்தை?" என்றான். அண்ணி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத் தானும் சிரித்தார். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். நான் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்த நான்கு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மேல் தேட வழியில்லை. நவீன் எல்லா ஆயில் சீல்களையும் பைப்களையும் மாற்றி, சிலிண்டருக்குப் புதிதாக ஒரு லாக்கும் வைத்துவிட்டான். இப்போது கை தூக்கிய இடத்தில் நிற்கிறது. முதல் வேலை திருமுல்லைவாயலில். சொல்லாமல் போய்த் தெருமுனையில் நின்றேன். கூலி ஆள் ஒருவர் குழிக்குள் கால் வைக்கப் போனார். "அண்ணாத்தே, இருங்க. பக்கெட்டு மண்ணுல ஒக்காரட்டும்" என்ற குரல் கேட்டது. ஒரு கணம் யார் பேசுவது என்று குழம்பிவிட்டேன். பிறகு அவனுக்குத் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு அந்தக் கையை நிறுத்தியது அதைச் செய்தவரின் நேர்த்தியா, அண்ணனா, வேறு ஏதாவதா என்பது இப்போதும் எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடிய ஐயப்பன்தாங்கல் வீட்டுக்காரருக்கும், காலில் கட்டோடு வந்து எல்லாச் சடங்குகளிலும் நின்ற கொத்தனாருக்கும், அண்ணியைத் தனியே விடாத எங்கள் தெருக்காரர்களுக்கும், எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன பட்டறைக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

இன்னும் ஒருவருக்கு, அந்தப் பொக்லைனைச் செய்தவருக்கு, நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் தெரியாததால் அச்சகத்தில் ஒரு வரியைக் காலியாக விடச் சொல்லியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் இதை எழுதுகிறேன். துக்கம் காத்ததால் ஓராண்டாக அண்ணி கோயில் படி ஏறவில்லை. திதி முடிந்ததும் இன்று முதன்முதலாகப் போகிறார். நானும் நவீனும் கூடப் போகிறோம். நீங்களும் வாருங்கள். ஆளுக்கு ஒருமுறை அந்த மணியை அடித்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவோம்.