வெடிக்கப்போகும் திருவாதிரை

மயிலாப்பூர்க் கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். என் மனைவி மகளின் பெயரைச் சொல்லி, "திருவாதிரை" என்றாள். பக்கத்தில் நின்ற மகள் அவசரமாக, "இல்ல சாமி, ரோகிணி" என்றாள்.

குருக்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆத்துல பேசி முடிவு பண்ணிண்டு வாங்கோ. பின்னாடி கூட்டம் நிக்கறது."

வெளியே வந்ததும் மனைவி மகளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இது? நட்சத்திரத்த மாத்திச் சொன்னா எவளோ ஒருத்திக்கு அர்ச்சன பண்ண மாரி பூடும்."

"திருவாதிர வெடிக்கப் போவுதாம்மா. ரோகிணி வெடிக்காதாம். போன்ல போட்டுகீது."

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. கதை கேட்கும் பிள்ளைகளே, அவள் பார்த்தது பொய்யில்லை. நானும் பிறகு தேடிப் படித்தேன். திருவாதிரை, சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமான சிவப்பு நட்சத்திரம். அவ்வளவு பெரியவை தங்களிடம் இருக்கும் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். தீர்ந்ததும் நடுப்பகுதி தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் இடிந்து விழும். மேல்பகுதி வெடித்துச் சிதறும். பகலிலேகூட அந்த வெளிச்சம் தெரியுமாம். ரொம்பத் தூரத்தில் இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை. என்றைக்கு வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. லட்சம் வருஷம் ஆனாலும் ஆகலாம்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே பல நூறு வருஷம் ஆவும்மா" என்றும் சொல்லிவைத்தேன்.

அவள் யோசித்தாள். "அப்டின்னா இந்நேரம் வெடிச்சே இருக்கலாம். நமக்குத்தான் இன்னும் தெரில."

அன்றிலிருந்து சாயங்காலமானால் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். மார்கழி மாதம். இருட்டியதும் கிழக்கே, தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே சிவப்பாக அது எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்குவாள்.

ஒருநாள் வானம் மூடிக்கொண்டது. தூறல் போட்டும் அவள் நகரவில்லை. குடையோடு மேலே போனேன்.

"நைனா, அது பூட்டா நானும் பூடுவேனா?"

ஜென்ம நட்சத்திரமெல்லாம் சும்மா என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஜாதகம் எழுதி வாங்கி வைத்தவனே நான்தான்.

"நீ பொறக்கசொல்லோ நிலா அந்த நட்சத்திரத்தாண்ட இருந்துச்சு, அவ்ளோதான். பஸ்ஸு ஒரு ஸ்டாப்பாண்ட நிக்கசொல்லோ நீ பொறந்தன்னு வெச்சுக்க. அந்த ஸ்டாப்ப இடிச்சா உனுக்கு இன்னா ஆவும்?"

அவள் சிரிக்கவில்லை. நான் விடாமல், "ஆத்தோரத்துல நான் பொறந்த குடிசய, பக்கத்துல இருந்த எல்லா வீட்டயும் சேத்து இடிச்சுட்டாங்க. எனுக்கு இன்னா ஆச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் பாரு" என்றேன்.

"அப்ப ஏன் நைனா, பாலத்துல போவசொல்லோ அந்தப் பக்கம் மட்டும் பாக்கவே மாட்டேன்ற?"

தினமும் அவளைப் பின்னால் உட்கார வைத்து, அடையாற்றுப் பாலத்தின் மேல்தான் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கூட்டிப் போவேன். வீடுகள் இருந்த கரையில் இப்போது முள்செடிதான். அங்கே இருந்த சனங்களை ஊருக்கு வெளியே எங்கெங்கோ கொண்டுபோய் விட்டார்கள். பாலம் வந்தால் என் முகம் தானாக மறுபக்கம் திரும்பிவிடும். முதுகுக்குப் பின்னால் அவள் அதைக் கவனித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது.

குடையை அவள் பக்கம் சாய்த்தேன். அவளே கேட்டாள்.

"வலிக்குமா?"

"வலிக்கும்" என்றேன். "ஆனா செத்துல்லாம் போவ மாட்டோம். எனுக்கு இன்னும் கொஞ்சம் வலி கீது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

கொஞ்ச நேரம் மேகத்தையே பார்த்திருந்துவிட்டு, அன்றைக்கு நட்சத்திரத்தைப் பார்க்காமலே கீழே இறங்கினாள். படியில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.