ஒரு லைட், ஒரு ஃபேன்

காஞ்சனாவை எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் என்பார்கள். திருப்பதியில் அவளுடைய வரிசை வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். முன்பு முரளி என்றொருவன் அயர்ன் பாக்ஸ் போட்டு வயரைக் கருக்கிவிட்டான். அன்றைக்கே அவனைக் கிளப்பினாள். பிளக் பாயிண்டையெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்து, சுவிட்சுகளையும் அறைக்கு வெளியே நடையில் வைத்துவிட்டாள்.

கடைசி அறையில் செங்கமலம். பாலசமுத்திரத்துக்காரி. கிணறு வற்றிப்போய், கணவன் சம்பத்தோடு பிழைக்க வந்தவள். லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. உழைப்புக்கு அஞ்சமாட்டாள், யாரிடமும் ஒன்று கேட்க மட்டும் வாய் வராது.

சம்பத்துக்கு இழுப்பு. டாக்டர் சொன்னபடி நெபுலைசர் மிஷின் வாங்கியாயிற்று. அதை எங்கே செருகுவது? எலக்ட்ரிக் கடை சலீம் பாய் பழைய காலத்து ஹோல்டர் பிளக் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை அழுத்தித் திருகினால் மிஷினுக்குக் கரெண்ட் வரும். அறை இருட்டாகும், சம்பத்துக்கு மூச்சு வரும். காஞ்சனாவுக்குத் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று, பாவம், கதவைச் சாத்திக்கொண்டுதான் மாட்டுவாள்.

ஒருநாள் காலை இழுப்பு முற்றிவிட்டது. செங்கமலம் மிஷினை ஓடவிட்டு, சம்பத்தின் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடையில் வந்த காஞ்சனா கடைசி அறையின் லைட் சுவிட்ச் போட்டிருப்பதைப் பார்த்தாள். கதவிடுக்கில் வெளிச்சமில்லை. பல்பு ஃபியூஸ் போயிருக்கும், சுவிட்சை அணைக்க மறந்து வெளியே போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாள். பட்டென்று அணைத்தாள்.

மிஷின் நின்றது. சம்பத்தின் கண்கள் பிதுங்கின. செங்கமலத்துக்கு வீடாவது வாசலாவது! கதவைத் திறந்து கத்தினாள்.

"அக்கா, சுவிட்ச போடு! அவரு மூச்சு உட முடியாம தவிச்சிக்கினு கீறாரு!"

காஞ்சனா பதறிப்போய்ப் போட்டாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். விட்டத்து ஹோல்டரிலிருந்து வயர் கட்டில்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ தேவுடா! எத்தினி நாளா நடக்குது இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா காலி பண்ணுன்னுவ."

 காஞ்சனாவுக்குக் கஞ்சத்தனம் உண்டே தவிர, பொய் பேசுகிறவள் இல்லை அவள்.

"ஆமா, சொல்லித்தான் இருப்பேன்" என்றாள்.

மருந்து தீரும்வரை அவள் சுவிட்சைப் பொத்திய கையை எடுக்கவேயில்லை.