மூன்று மணித் தூக்கமும் ஒரு மர ஸ்கேலும்

திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் போகலாம் என்று என் வீட்டுக்காரர் ஐந்து வருடமாக நச்சரித்தார். நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். ஊர்மேல் கோபமில்லை, சாலைமேல்தான். என் அண்ணன் நாங்குநேரி தாண்டி நாலுவழிச்சாலையில், பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். குடிக்கவில்லை, வேகமுமில்லை. அன்றிலிருந்து மத்தியானம் வண்டி ஓட்டுகிற ஒருவரையும் நான் நம்புவதில்லை. திருச்சியில் உயிரியல் டீச்சர் வேறு. மதியம் இரண்டு முதல் நான்கு வரை உடம்பின் கடிகாரமே நம்மைத் தூங்கச் சொல்லும், கை மந்தமாகும் என்று வருஷாவருஷம் பாடம் எடுக்கிறேன்.

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஏழரைக்கு வாடகைக் கார். பாபநாசம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். போக வர 2,400 ரூபாய். டிரைவர் இசக்கிமுத்து, நாற்பது வயதிருக்கும். ஏறுமுன் பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்தேன். நான் மேலிருந்து விடுவேன், அவர் விரலால் பிடிக்கவேண்டும். எவ்வளவு நழுவுகிறதோ அவ்வளவு மந்தம்.

"இதென்ன டீச்சர், வண்டி ஓட்டுததுக்குப் பரீச்சையா?" என்று சிரித்துக்கொண்டே பதினைந்து சென்டிமீட்டரில் பிடித்துவிட்டார். காலையில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான்.

ஆற்றில் குளித்தோம், நடை சாத்துவதற்குள் சாமி கும்பிட்டோம். அம்பாசமுத்திரத்தில் சாப்பாடு, இலை 120 ரூபாய். இசக்கிமுத்து சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று தனித்தனியாகச் சோறு வாங்கினார். நான் ஒவ்வொரு கரண்டியையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு மறுபடி ஸ்கேல். இருபத்தேழு!

"கை ஈரம் டீச்சர், வழுக்குது" என்றார். துடைக்கச் சொன்னேன். அப்போதும் அதேதான்.

"தள்ளு, நான் ஓட்டுகிறேன்" என்று என்னவர் முன்வந்தார். அவருக்கு ஸ்கேல் நேராகத் தரையில் விழுந்தது. நான் சொல்லாமல் விட்டேனாம்!

ஜங்ஷனில் நாலரைக்கு ரயில். "பைய போயிருவோம் டீச்சர், ரயில விட்டுராதீங்க" என்றார் இசக்கிமுத்து. அண்ணன் கதையைச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "அப்பம் ஒரு இருபது நிமிசம் சாஞ்சுக்கிடுதேன். நீங்க எழுப்பிவிடுங்க" என்றார்.

ஊரைத் தாண்டக்கூட விடவில்லை. சாப்பாட்டுக் கடைக்கு எதிரே மரநிழலில் கார். முன்சீட்டில் இரண்டு ஆண்களும் குறட்டை. இசக்கிமுத்து இரண்டு மணிநேரம் தூங்குவார் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் காவல் உட்கார்ந்தேன்.

"டீச்சர்... டீச்சர்!" கண் விழித்தால் மணி நான்கு. ஸ்கேல் காலடியில் கிடந்தது.

"நான் அப்பவே முழிச்சிட்டேன். நீங்க அசந்து தூங்குதீங்க, எழுப்ப மனசு வரல." அவர் கன்னத்தில் துண்டின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அப்பவே முழித்த ஆளைப் பார்! இருந்தாலும் ஸ்கேலைப் பதினாறில் பிடித்தார். கிளம்பினோம்.

ரயில் போயே போய்விட்டது. பஸ்ஸில் மதுரை வரை என்னவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போகிறவர்களுக்கு: கோயில் மதியம் மூடிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். டிரைவரைச் சாப்பிட்ட கையோடு கிளப்பாதீர்கள். திரும்பும் ரயிலை ஆறு மணிக்கு மேல் போடுங்கள். காவலுக்கு இருப்பவரும் அளவாகச் சாப்பிடுவது நல்லது.

அன்று ஜங்ஷனில் இறங்கும்போது, "அந்த ஸ்கேல இங்கன விட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றார் இசக்கிமுத்து. முதுகு சொறியத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் கொடுத்தேன்.

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது போன் வந்தது. "டீச்சர், நாங்குநேரிகிட்ட நிக்கேன். இருபத்தஞ்சு வருது. வண்டிய ஓரங்கட்டிட்டேன்."

"ஸ்கேலை யார் விட்டது?" என்று கேட்டேன். சந்தேகம் சும்மா விடுமா?

"வண்டியில வந்தவங்கதான். அவங்களுக்கும் உங்க அண்ணன் கதையச் சொன்னேன்."

மணியைப் பார்த்தேன். மூன்று.

"தூங்குங்க அண்ணாச்சி" என்றேன்.