தலைவர் ஏற்றக் கூடாத விளக்கு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாகமணி அக்கா மட்டக்களப்பில் பிறந்து, டென்மார்க் போய்ப் பொருளியல் படித்தவர். கொழும்பில் திட்டமிடல் அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தார். அந்தப் படிப்புக்கு இங்கே கிடைத்தது என்ன? ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை! நானும் பக்கத்தில் நின்று மடித்தேன். இரண்டு பேரும் ஒரே அபார்ட்மென்ற் கட்டடத்தில்தான் இருந்தோம்.

எண்பத்தைந்து மாரியில் அந்தக் கட்டடத்து லிப்ற் பழுதாகி, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படியே கிடந்தது. பதினான்கு மாடி! ஆம்பிளைகள் கீழே நின்று மனேச்சரைத் திட்டிவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் படியேறினார்கள். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டி, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்த வீட்டில் நடக்க ஏலாதவர் என்று எழுதி எடுத்தார். தமிழர், யமேக்கா நாட்டு ஆக்கள் என்று பாராமல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, நகரசபையில் போய் நின்றார். நாலாம் நாள் லிப்ற் ஓடியது.

அதற்குப் பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அவரையே தலைவராக்கினோம். ஒருத்தர் பாக்கியில்லாமல் கை உயர்த்தினோம்.

எண்பத்தேழு தைப்பொங்கல் விழா வந்தது. பள்ளிக்கூட மண்டபம் முட்டச் சனம். வழக்கப்படி தலைவர்தான் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற வேண்டும். செயலாளர் நவரட்ணம் வந்து அக்காவின் காதுக்குள் குனிந்தார்; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“அக்கா, குறை நினையாதேங்கோ. விளக்கை என்ரை மனிசி ஏத்தட்டும். சனம் ஒருமாதிரிக் கதைக்கும். நீங்கள் பேச்சை வடிவாப் பேசுங்கோ.”

தாலி இல்லாதவர் விளக்கேற்றக் கூடாதாம்! கதவு கதவாகத் தட்ட அந்தக் கை வேண்டும், திரிக்கு மட்டும் ஆகாதோ?

“வெக்கமில்லையோ உமக்கு?” என்று கத்தியே விட்டேன்.

அக்கா என்னை அமர்த்திவிட்டு நேரே மைக்குக்குப் போனார்.

“நீங்கதான் கை உயர்த்தி என்னைத் தலைவராக்கினீங்க. புருசன் இல்லாதவள் விளக்கேத்தப்படாதெண்டு நினைக்கிற ஆக்கள் இப்பவும் கையை உயர்த்துங்க. நான் இறங்கிப் போறன். தலைவர் வேலையும் வேணாம்.”

நவரட்ணத்தின் கை பாதிக்கு எழும்பியது. அவர் மனைவி யோகமலர் அதைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“சும்மா இருங்கோ! லிப்ற் இல்லாத நேரம் வயித்துப் பிள்ளையோடை நான் ஏறேக்கை, என்ரை சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆர்? நீங்களோ?”

விளக்கேற்றவென்று கையில் வைத்திருந்த மெழுகுதிரியைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். அக்கா முதல் திரியை ஏற்றினார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அடுத்த வருசமும் அக்காதான் தலைவர். எல்லாருக்கும் முதல் கை உயர்த்தியவர் யார் தெரியுமோ? நவரட்ணம்! வெட்கம் கெட்ட மனிசன்.