அக்கா விட்ட ஒரு குறி

அக்கா பிறந்தது மதுக்கரையில். அப்பா தவறியபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. நான் எட்டாவதோடு நின்றேன். அம்மா சமையல் வேலைக்குப் போய் அக்காவை டிப்ளமா படிக்க வைத்தார். பிறகு கணபதியில் ஒரே பட்டறையில் இருவரும் சேர்ந்தோம். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினேன். மோட்டாரைப் போட்டு நிறுத்தும் போர்டுக்கு அக்கா அசெம்ப்ளி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதினார்.

அது என்னவென்று எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு வரிக்கு ஒரு வேலை. முதலில் கட்டளை. அடுத்து, போர்டிலுள்ள சில்லின் எந்த நினைவுப் பெட்டியில் போடுவது. கடைசியில், எதைப் போடுவது. திரும்பி வர வேண்டிய இடத்துக்கு ஒரு பெயர். சொன்னதற்கு மேல் சில்லு எதுவும் செய்யாது. அக்காவும் அப்படித்தான், வளவளவென்று பேச மாட்டார்.

ஒருமுறை தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரர் புகைந்துபோன மோட்டாரோடு வந்தார்.

"ஏனுங்க, காயில் சுத்துனது ஆருங்க? ரெண்டு மாசங்கூடத் தாங்கலீங்க."

முதலாளி என்னைக் காட்டினார். "இவந்தானுங்க. திங்கக்கெழமைல இருந்து வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

சரியாகத்தான் சுற்றினேன் என்று எப்படிக் காட்டுவது?

அக்கா இரண்டு நாள் தன் தாள்களை வரி வரியாகப் படித்தார். தண்ணீர் இல்லாமல் மோட்டார் நின்றால் முப்பது நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த வரி MOV R7, #30 என்று இருக்க வேண்டும். அக்கா # குறியை விட்டிருந்தார். குறி இருந்தால் முப்பது என்ற எண். இல்லாவிட்டால் முப்பதாம் பெட்டியில் கிடப்பது எதுவோ அது. பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது அதில் பெரிய எண் கிடந்திருக்கிறது. தோட்டத்தில் வெறும் ஒன்று என்ற எண். முப்பது நிமிடம் ஆறவிடாமல், ஒரு நிமிடத்திலேயே போர்டு மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டு எரித்துவிட்டது.

சனிக்கிழமை தோட்டத்துக்காரர் வந்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"தம்பி மேல தப்பில்லீங்க. என்னுதுங்க. ஒத்தக் குறிய உட்டுப்போட்டனுங்க."

முதலாளி பதறினார். "மெதுவாச் சொல்லு அம்மணி, இருக்கற ஆர்டரும் போயிரும்."

தோட்டத்துக்காரர் நம்பவில்லை. "ஒத்தக் குறிக்கா மோட்டாரு பொகையும்?"

"'வாங்க'ங்கறதுல 'ங்க'வ உட்டுப்போட்டு உங்க சம்பந்தியக் கூப்புட்டுப் பாருங்க. என்ன பொகையுதுன்னு தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "ஐயோ, ஊடே எரிஞ்சு போயிருமுங்க. சரி அம்மணி, நீயே சரி பண்ணிக் குடு."

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அதன்பிறகு அக்கா எழுதிய போர்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

கடைசி ஐந்து மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்கா வீட்டுக்காரர் மச்சானுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த பட்டறை ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாளி கடைசிவரை வந்து பார்த்தார்.

காரியம் முடிந்தபின் அக்கா மகள் பழைய தாள்களைப் பிரித்தாள். திருத்திய அந்த வரி இருந்தது. அதன் முடிவில் ஒரு புள்ளி, அதற்கு நேர் கீழே ஒரு காற்புள்ளி, பிறகு ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்ன கட்டளை கண்ணு?" என்றேன்.

"கட்டளை இல்லீங்க மாமா. இந்தக் குறிக்கு அப்புறம் எழுதறத மிசினு படிக்காது. மனுசங்களுக்குங்க."

படிக்கச் சொன்னேன். படித்தாள், தமிழ்தான்.

"தப்பு என்னுது. தம்பி சுத்துன காயில் நல்ல காயில்."

அந்தத் தாளை இந்த நினைவு மலரின் பின் அட்டையில் அச்சிட்டிருக்கிறோம்.