செருப்புகள் மட்டும் பதிவான கல்யாணம்

பாச்சை உருண்டை வாசனைதான் எங்கள் வீட்டு வீடியோ கேமராவின் வாசனை. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, ஸ்கூட்டரை மாற்றுவதற்காகச் சேர்த்த பணத்தில் அப்பா அதை வாங்கி, அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட்டில் படம் பிடிக்கும் அதைத் தொட, ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு உரிமை கிடையாது. "ஆயுசுக்கும் உழைக்கும்ளா, உன் கல்யாணத்தையும் இதுலதான் எடுப்பேன்" என்பார்.

முதலில் எடுத்தது சித்தப்பா கல்யாணத்தை. பெண் வீட்டார் பக்கத்தில் உள்ள சிகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்கள். பெண்ணின் அம்மா பேச்சில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'வும் 'வேண்டாம், இல்லை' என்பதற்கு 'நக்கோ'வும் தாராளமாகப் புழங்கும். மண்டபத்தில் அப்பா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, புரோகிதரைக்கூட அதட்டி நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, டிவியில் வயரைச் செருகினார். தரை தெரிந்தது. பிறகு செருப்புகள். பிறகு அப்பாவின் வேட்டிக்கரை. சிவப்புப் பொத்தானை ஒருமுறை கூடுதலாக அழுத்தியதில், அவர் எடுப்பதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது, நிறுத்தியதாக நினைத்துக் கையில் தொங்கவிட்டபோதெல்லாம் ஓடியிருக்கிறது என்பது மெல்லத்தான் விளங்கியது. தாலி கட்டியது விழவில்லை, பெரியப்பாவின் குரல் கணீரென்று விழுந்திருந்தது: "பிள்ள நல்ல பிள்ளதான். அவ அம்மைக்குத்தான் வாய் மூடவே மாட்டேங்கு."

பெரியப்பா மிக்சர் தட்டோடு உறைந்துபோனார். அப்பா ரிமோட்டைத் தேடினார். புதுச் சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி அம்மாவோ பெரியப்பாவை நிதானமாக ஏறிட்டுப் பார்த்து, "ஹவ், நிஜம்தானே! எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷமா சொல்லப் பயந்ததை நீங்க சொல்லிட்டீங்க. இன்னொரு தரம் போடுங்க" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன்பின் எப்போது வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கேசட்டைத்தான் கேட்பார்.

ஆயுசுக்கும் உழைக்க வேண்டியது, நான் கல்லூரியில் சேர்வதற்குள் செல்லாக்காசாகிவிட்டது. முதலில் கேசட் கிடைக்கவில்லை, பிறகு பேட்டரி கிடைக்கவில்லை. என் கல்யாணத்தை ஆளாளுக்கு செல்போனில் எடுத்தார்கள்.

பெரியப்பாவும் சம்பந்தி அம்மாவும் இப்போது இல்லை. அவர்கள் குரலைக் கேட்கும் ஆசையில் போன மாதம் நானும் அப்பாவும் கேசட்டோடு கோட்டி கடைத்தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகடையாக ஏறி இறங்கினோம். "நக்கோ சார், இதை ஓட்டுற மெஷினே இல்ல" என்றார்கள். கடைசிக் கடையில் அப்பா தளர்ந்துபோய், நாலு லென்ஸ் வைத்த போன் ஒன்றைக் கையில் எடுத்து, "இதாவது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றார். "அடுத்த மாடல் வர்ற வரைக்கும்" என்றார் கடைக்காரர் நேர்மையாக.

அப்பா அதை வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களை அதில் எடுத்தார். அதுவரை பேத்தியோடு வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மா, போனைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, புன்னகைத்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள்.