ஸ்கீ கழன்றால் கால் தப்பும்

ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகையை வாடகைக்கு விடுபவனிடம் உண்மை சொல்லும் வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மியூனிக்கில் படித்துக்கொண்டே பவேரிய மலையடிவாரக் கடை ஒன்றில் குளிர்கால வேலை பார்த்தேன். படிக்கப் போன ஊரில் பிறர் காலடியில் மண்டியிட்டுப் பிழைத்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

எடை

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைப்பது ஒரு ஸ்பிரிங். விழும்போது அது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எலும்பு முறியும். ரொம்பத் தளர்ந்திருந்தால் சும்மா போகும்போதே கழன்று ஆளைக் கவிழ்க்கும். அதனால் எடையும் பழக்கமும் கேட்டுத்தான் திருகுவோம். ஓர் அம்மாள் கூசாமல் "ஐம்பத்தைந்து கிலோ" என்றார். பின்னால் நின்ற கணவர் சத்தமில்லாமல் ஏழு விரல் காட்டினார். எழுபதா என்று நான் விழித்தேன். அம்மாள் திரும்பாமலே சொன்னார்: "ஏழு விரலா? அப்படியே வைத்துக்கொள், அவருக்குப் பொய் வராது."

திறமை

ஆண்கள் எடையை ஒளிப்பதில்லை, திறமையைத்தான் ஊதுவார்கள். ஆஹென் நகரில் படித்த என் திருச்சி நண்பன் ராகவன், ஊரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன மனைவி வசந்தாவோடு வந்தான். அவன் ஸ்கீ போட்டதே இரண்டு தடவைதான். "நல்லா டைட் பண்ணுடா. அவ முன்னாடி கழண்டு விழுந்தா மானம் போயிடும்" என்று காதைக் கடித்துவிட்டுக் கையுறை பார்க்கப் போனான்.

வசந்தா அருகே வந்து, விழுந்தால் கழன்றுகொள்ளுமா என்று கேட்டாள். கழன்றால்தான் கால் தப்பும் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப கழலற மாதிரியே வைங்கண்ணா. இந்த ஊர்ல எனக்கு இவரை விட்டா யாரு இருக்கா?"

புதிதாகப் பழகுபவனுக்கு என்ன அளவோ அதையே வைத்தேன்.

கடைசிச் சுற்று

முக்கால்வாசிப் பேர் விழுவது "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போகும்போதுதான். கால் ஓய்ந்திருக்கும், மனசு ஓய்ந்திருக்காது. அன்று சாயங்காலம் எல்லோரும் திரும்பினார்கள், இவர்களைக் காணோம். வாசலுக்கும் கல்லாவுக்குமாக அலைந்தேன்.

கடைசியில் ஸ்கீயைத் தோளில் சுமந்து, தலையெல்லாம் பனியோடு ராகவன் வந்தான். விழுந்ததும் இரண்டும் கழன்றுவிட்டனவாம். எல்லோரும் பார்க்க மானம் போயிற்றாம். என்னைப் பிடிபிடி என்று பிடித்தான். அவன் சட்டையில் ஒட்டிய பனியைத் தட்டியபடியே வசந்தா சொன்னாள்: "நல்லா திட்டட்டும்ணா. நடந்து வந்துதானே திட்டறார்."

அன்றிலிருந்து யார் ஸ்கீ கேட்டு வந்தாலும், அவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கூட வந்தவர் முகத்தைப் பார்த்தே ஸ்பிரிங்கைத் திருகினேன்.